லைட் முதல்ல எரிஞ்சா

இல்ல மாமா, உக்காரலை. சரி சரி, இதோ உக்காந்துட்டேன். தண்ணி மட்டும் போதும். ஆபீஸா? இன்னிக்கு எனக்கு லீவுன்னு வச்சுக்கோங்களேன். வேலை நாள்தான், அதனால என்ன? அதை விடுங்க. உங்க பொண்ணு எங்க? கடைக்கா? நல்லதாப் போச்சு, அவ வர்றதுக்குள்ள உங்ககிட்ட பேசி முடிச்சிடணும். அத்தையும் இல்லையா? அப்ப வீட்ல நாம ரெண்டு பேர்தான்.

கை நீட்டினியான்னு கேக்குறீங்க. என்ன மாமா இது! போன்லயும் அதையேதான் கேட்டீங்க. குடியா, வேற பொண்ணான்னு வரிசையா கேட்டீங்க. ஒரு மண்ணும் இல்லை. சண்டை ஒரே ஒரு வரிக்கு. புரோகிராம்ல ஒரு வரி. சிரிக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது.

சொல்றேன், கேளுங்க. நானும் அவளும் ஒரே ஆபீஸ். என்ன வேலைன்னு இதுவரைக்கும் நீங்களும் கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல. ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்குன்னு வைங்க. அதுக்குள்ள பல பொய்க் கம்ப்யூட்டருங்க ஓடும். ஒவ்வொண்ணும் உலகத்துல தான் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு ஓடும். உள்ள இருக்கிறது கெஸ்ட், அதைத் தாங்குற பெரிசு ஹோஸ்ட். கெஸ்ட் எதையாவது சேமிச்சு வைக்கணும்னா தானா வைக்க முடியாது, ஹோஸ்ட் கையில குடுக்கணும். குடுக்குற பக்கத்து டிரைவர் உங்க பொண்ணு எழுதினது. வாங்குற பக்கம் என்னுது.

ஐயோ, வண்டி ஓட்டுற டிரைவர் இல்ல மாமா, கெஸ்ட் சொல்றதை ஹோஸ்ட் கையில சேர்க்குற புரோகிராம்.

நீங்க பார்சல் ஆபீஸ்ல இருந்தவரு, உங்களுக்குப் புரியும். ரெண்டு ரூமுக்கு நடுச்சுவத்துல ஒரு அலமாரி, ரெண்டு பக்கமும் கதவு. அவ அந்தப் பக்கம் பார்சலை வச்சிட்டு ஒரு லைட்டைப் போடுவா. லைட் எரிஞ்சா நான் இந்தப் பக்கம் எடுத்துக்குவேன். மொத்த வேலையும் அவ்வளவுதான். இதுல என்ன தப்பு வரும்ங்கறீங்க. இந்த பிராசசர் இருக்கே, கம்ப்யூட்டரோட மூளை, அது ஒரு அவசரக் குடுக்கை. சொன்ன வரிசையில செய்யாது. பார்சலை வச்சிட்டு லைட்டைப் போடுன்னா, சில ரகம் லைட்டை முதல்ல போட்டுட்டு பார்சலை அப்புறம் வைக்கும். அந்த நேரம் பாத்து நான் கதவைத் திறந்தா? காலியா இருந்தாக்கூடப் பரவாயில்ல. போன தடவை வச்ச பழைய பார்சல் அங்கயே கிடக்கும் மாமா. புதுசுன்னு நம்பி அதை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்.

அதுக்குத்தான் நடுவுல ஒரு வரி. முதல் வேலை முடிஞ்சாத்தான் ரெண்டாவதுன்னு தடுத்து நிறுத்துற வரி. அவளும் போட்டிருக்கா, இல்லேங்கல. ஆனா அவ போட்டது எப்பேர்ப்பட்ட வரி தெரியுமா? பிராசசர் பல இருந்தாத்தான் அது வேலை செய்யும். கெஸ்ட்டுக்கு ஒரே பிராசசர்தான்னா அது ஆவியாப் போயிடும். தனியா இருக்கிறவனுக்கு வரிசை எதுக்குன்னு. அட, கெஸ்ட் தனியாத்தான் இருக்கு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் வேற பிராசசர்ல கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேனே, நான் ஆளாத் தெரியலையா? ஒண்ணு இருந்தாலும் பத்து இருந்தாலும் தடுக்கிற வரி வேற இருக்கு. அதைப் போடுன்னு தலைகீழா நின்னு சொன்னேன். வேகம் குறையும்ங்கறா. என் மேசையில நல்லாத்தானே ஓடுதுங்கறா. அவ மேசையில இருக்கிற மெஷின் இந்த விஷயத்துல வரிசை தப்பாத ரகம், ஓடத்தான் செய்யும்!

எங்க புரோகிராமைக் காசு குடுத்து வாங்கினவங்ககிட்ட இருக்கிறது மத்த ரகம். யாரா? ஒரு ரத்தப் பரிசோதனை லேப். ஆமா மாமா. ஒருத்தரோட ரிசல்ட் இருக்க வேண்டிய இடத்துல, அவருக்கு முன்னாடி வந்தவரோட ரிசல்ட். நல்ல வேளை, டாக்டரம்மா பாத்துட்டு இது இவருக்கு வர வாய்ப்பே இல்லைன்னு போட இருந்த ஊசியை நிறுத்திட்டாங்க. லேப்பை மூடி வச்சிருக்காங்க.

தப்பு யார் பக்கம்னு எங்க ஆபீஸ்ல விசாரணை. பழசை எடுத்தது யாரு? நான்தான். பழி என் பக்கம்தானே விழும்? சாப்பாட்டு மேசையில சொன்னேன், இப்பவாவது அந்த வரியை மாத்துன்னு. உன் தப்பை என் தலையில கட்டாதேன்னா. நான் கத்தினேன். தட்டைத் தள்ளினேன். எறியல மாமா, தள்ளினேன். அவ பெட்டியைத் தூக்கிட்டா.

நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க? அவ பெட்டியோட வாசல்ல வந்து நின்னதும், என்ன ஏதுன்னு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, கல்யாணமான புதுசுல நாங்க போட்ட சண்டையை மனசுல வச்சுக்கிட்டு என்னைப் போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கிட்டீங்க. லைட்டைப் பாத்துட்டு பழைய பார்சலை எடுத்துட்டீங்க. கோவம்லாம் இல்ல. சரி, கொஞ்சம் இருந்துச்சு.

இப்ப வந்தது எதுக்குன்னா, நீங்கதான் அவகிட்ட சொல்லணும். என் போனை அவ எடுக்க மாட்டேங்கறா. லேப்டாப் இங்கதானே இருக்கு? வந்ததும் அந்த வரியை மாத்தி அனுப்பச் சொல்லுங்க. அந்த டிரைவர்ல கை வைக்க அவளுக்கு மட்டும்தான் அனுமதி. சாயங்காலம் லேப்பைத் திறக்கிறாங்க. என் பக்கத்தைச் சரி பண்ணியாச்சுன்னு நம்பித் திறக்கிறாங்க. ஏன் நம்புறாங்களா? அவதான் லீவு போட்டுட்டு இங்க இருக்காளே, தப்பு என்னுதுன்னு காலையில விசாரணையில நான்தான் சொன்னேன். பின்ன என்ன பண்றது? அவ பேரைச் சொன்னா அவளை அனுப்பிடுவாங்க. அவளுக்கு அந்த வேலைன்னா உசுரு. எனக்குச் சம்பளம் வந்தாப் போதும், அது எங்க போனாலும் கிடைக்கும். உள்ள வரும்போதே என் கழுத்துல ஆபீஸ் அட்டை இல்லைன்னு பாத்தீங்கல்ல? வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிட்டாங்க.

எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க மாமா. இதுலதான் வரிசை முக்கியம். முதல்ல அந்த வரி. அனுப்பிட்டேன்னு அவ வாயால சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு வேலை போன விஷயம். மாத்திச் சொன்னீங்கன்னு வைங்க, போட்டது போட்டபடி ஆபீஸுக்கு ஓடுவா, தப்பு என்னுதுன்னு அங்க நின்னு கத்துவா. வரி அப்படியே கிடக்கும், லேப் திறந்துடும். புரியுதா? முதல்ல...

என்ன மாமா, எங்க பாக்குறீங்க? என் பின்னாடி யாரு...

நீ எப்ப வந்த? பின்வாசல் வழியாவா? கடவுளே. வீட்ல நாங்க ரெண்டு பேர்தான்னு நினைச்சுல்ல நான் இஷ்டத்துக்குப் பேசிக்கிட்டு இருந்தேன்.

அழாதம்மா. எங்க போற? செருப்பைக் கழட்டு. ஆபீஸுக்கு அப்புறம் ரெண்டு பேருமாப் போவோம், நீ என்ன வேணா சொல்லிக்கோ, நான் வாயே திறக்கல. முதல்ல லேப்டாப்பைத் திற.