எவ்வளவு சுற்றினார் என்பது பற்றி

என் பெயர், கணவர் பெயர், முகவரி மூன்றும் புகார் மனுவில் உள்ளபடியே சரி. வயது நாற்பத்து மூன்று. தொழில் என்ற இடத்தில் "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்று புகார்தாரர் எழுதிக் கொடுத்திருப்பது தவறு. நான் பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் இயந்திரங்கள் பழுதுபார்த்து வருகிறேன். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுத்தர் அந்த வரியை அடித்துத் திருத்தினார். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

புகார்தாரர் என் கணவரின் அக்கா வீட்டுக்காரர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். வெளியில் அவரைக் கிளட்ச் வாத்தியார் என்பார்கள். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். இன்று மதியம் நடந்த எல்லாவற்றின் போதும் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன் என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று நாற்பது முதல் நான்கு பத்து வரை அவரை என் வீட்டுக் கார் கொட்டகையில் பூட்டி வைத்தேன் என்பது புகார். பூட்டியதை நான் மறுக்கவில்லை. "ஒரு காரணமும் இல்லாமல் சும்மா பூட்டினாள்" என்று எழுதியிருப்பதைத்தான் மறுக்கிறேன். காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்குக் காரிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் கார் பதினாறு ஆண்டு பழையது. தையல் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய் வர நான் அதைப் பயன்படுத்துகிறேன். ஒரு மாதத்துக்கு முன் அது சூடாகி நின்றது. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் ஒழுகாமலே குறைந்தது. எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த தேநீர் போல் படிந்திருந்தது. மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். கணவரும் உடன் வந்திருந்தார். மெக்கானிக் அவரைப் பார்த்து, ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, ஹெட்டைக் கழற்றும்போது டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள் என்றார். என் கணவருக்கு பானட்டை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாது. அவர் தலையாட்டினார். ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில் தளர்த்துவீர்கள் என்று நான் கேட்டேன். மெக்கானிக் என் கணவரிடம், "மேடம் நிறைய வீடியோ பாக்கறாங்க போல" என்று சொல்லிச் சிரித்தார். வண்டிக்கு ஆறு வாரம் கழித்து முறை வரும் என்றார். வரிசையை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

அதன் பிறகு நானே செய்வது என்று முடிவு செய்தேன். இதில் வீரம் ஒன்றுமில்லை. தையல் இயந்திரத்தில் ஊசி கீழே போய் மேலெழும் அந்த நொடியில் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் ஊசி உடையும். பதினெட்டு ஆண்டுகளாக நான் செய்வது இந்த நேரத்தைச் சரிசெய்யும் வேலைதான். காரிலும் அதே கதைதான். பிஸ்டனும் வால்வும் ஒரே குளியலறை உள்ள வீட்டில் இரண்டு பேர் போல, ஒன்று வெளியே வந்த பிறகே மற்றது உள்ளே போகிறது. யார் எப்போது என்று முறைப்படுத்துவது டைமிங் பெல்ட். பெல்ட் இல்லாத நேரத்தில் ஒன்றைச் சுற்றினால் மற்றது உள்ளே இருக்கும்போதே இது போய் இடிக்கும்.

அதன் பிறகு கேஸ்கட்டுக்கும் புதுப் போல்ட்டுகளுக்கும் சொல்லி வைத்து, பத்தொன்பது நாள் கழித்து அவை வந்தன. ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைக்கும் தகடு, ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். அழுத்தி இறுக்கிய பிறகு எடுத்தால் அது குப்பை. என்னிடம் இருந்தது ஒன்று. புதிதாகத் தொடங்கும் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் அறுபத்திரண்டு தையல் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாளை திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கருவிகளோடு வாசலில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று மேலாளர் தெளிவாகவே சொன்னார். பதினெட்டு ஆண்டுகளில் எனக்கு வந்த முதல் ஆலை அது. பேருந்து போகாத இடம்.

அதன் பிறகு நான்கு நாள் வேலை செய்தேன். வெள்ளைத் திருத்து மையால் பெல்ட் ஓடும் பற்சக்கரங்களில் அடையாளம் வைத்து, பழைய பெல்ட்டைக் கழற்றி, ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் மட்டம் பார்த்து வாங்கி வந்து, அடிப்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். இன்று காலை கேஸ்கட்டை வைத்து ஹெட்டை ஏற்றினேன். கணவர் ஒரு முனையைப் பிடித்தார். அவர் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை, ஒரு முனையை அவர்தான் பிடித்தார்.

புகார்தாரரும் அவர் மனைவியான அண்ணியும் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிப் பதினொரு மணிக்கே வந்தார்கள். அண்ணி உள்ளே போனார். புகார்தாரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டு உட்கார்ந்தார். அவர் இன்ஜினைக் கழற்றியதில்லை. கழற்றுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்த அனுபவம் நிறைய உண்டு. "பொம்பளைக் கை, போல்ட்டு இறுகுமாம்மா?" என்று கேட்டார். டார்க் ரெஞ்சைக் காட்டி, குறித்த அளவு இறுக்கம் வந்ததும் இது சொடுக்கும் என்று விளக்கினேன். நாங்களெல்லாம் கைக்கணக்கிலேயே வாழ்ந்தவர்கள் என்றார். புகார் மனுவில் "இரும்புத் தடி" என்று குறிப்பிட்டிருப்பது இந்த டார்க் ரெஞ்சைத்தான். அது அளவைக் கருவி. தராசைத் தடி என்று யாரும் எழுதுவதில்லை.

ஒரு மணிக்குப் போல்ட்டுகள் முடிந்தன. பெல்ட் மாட்டுவது மட்டும் பாக்கி. புதுப் பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது என்பதால் ஒன்று பத்துக்குக் கை கழுவ உள்ளே போனேன். போகும்போது புகார்தாரரிடம், இதை யாரும் தொடக்கூடாது, ஒரு பல் நகர்ந்தாலும் ஆபத்து என்று சொன்னேன். "எனக்கா சொல்றே?" என்றார். உள்ளே அண்ணி தட்டு எங்கே, கரண்டி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் இருபத்தைந்து நிமிடம் ஆனது.

திரும்பி வந்து பார்த்தபோது கீழ்ச் சக்கரத்தின் வெள்ளை அடையாளம் இரண்டு பல் தள்ளி நின்றது. ஆணியில் மாட்டியிருந்த பெரிய ஸ்பானர் தரையில் கிடந்தது. புகார்தாரர் நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றினீர்களா என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா தொட்டேன்?"

ஸ்பானரைக் காட்டினேன்.

"அதா? சும்மா தொட்டுப் பாத்தேன்."

அடையாளத்தைக் காட்டினேன்.

"இன்ஜின் ஃப்ரீயா இருக்கான்னு சும்மா கொஞ்சம் சுத்தினேன். திருப்பி வெச்சுட்டேனே."

கொஞ்சம் என்றால் எவ்வளவு, கால் சுற்றா, அரைச் சுற்றா என்று கேட்டேன். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் என்றார். என் கேள்வியின் அவசியத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். கால் சுற்று என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. அதைத் தாண்டியிருந்தால் பிஸ்டன் வால்வில் இடித்திருக்கும். இடித்ததும் நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். இடித்த பிறகும் இழுத்திருந்தால் வால்வு வளைந்திருக்கும், ஹெட்டை மறுபடி இறக்க வேண்டும், கேஸ்கட் குப்பைக்குப் போகும். இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் கருவி என்னிடம் இல்லை. இந்த உலகத்தில் அதை அறிந்த ஒரே ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர், "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

அப்போதுதான் நான் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். எவ்வளவு சுற்றினீர்கள் என்று சொன்னதும் திறக்கிறேன் என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். பட்டினி போட்டேன் என்பது பொய். ஜன்னல் வழியாகத் தட்டு கொடுத்தேன், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கொட்டகையில் மின்விசிறி உண்டு. முதல் ஒரு மணி நேரம் கைப்பேசியில் ஒரு மாணவருக்குப் பின்னால் எடுத்து நிறுத்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். "கண்ணாடியைப் பாரு, அளவு தெரியாம ஸ்டியரிங்கைத் திருப்பாதே" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

என் கணவர் ஜன்னலுக்கு வந்து, "அத்தான், எவ்வளவுன்னு சொல்லிடுங்களேன்" என்றார். பிறகு என்னிடம் வந்து, விட்டுவிடேன் என்றார். ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கமும் பேசியது அவர் ஒருவர்தான். அண்ணி, "ஒரு வண்டிக்காக மனுஷனைப் பூட்டி வெப்பியா? முப்பது வருஷமா வண்டி ஓட்டறவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாததால்தான் அண்ணி, அவரைக் கேட்கிறேன் என்றேன். அதன் பிறகு புகார்தாரர் உள்ளிருந்தே காவல் நிலையத்துக்குப் பேசினார். நான்கு பத்துக்குக் காவலர்கள் வந்தார்கள். நானே கதவைத் திறந்தேன்.

நிலையத்தில் அதிகாரி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். "குடும்பம்னா விட்டுக்கொடுக்கணும்மா. ஒரு மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க" என்றார். கேட்கிறேன், அதற்கு முன் எவ்வளவு சுற்றினார் என்று அவர் சொல்ல வேண்டும் என்றேன். அதிகாரி புகார்தாரரிடம் கேட்டார். சும்மா கொஞ்சம் என்று அவர் தொடங்கியதும் எழுத்தர் பேனாவைத் தூக்கி, சும்மா கொஞ்சம் என்று வழக்கேட்டில் எழுத முடியாது, அளவு வேண்டும் என்றார். நான் இரண்டரை மணி நேரம் கேட்ட அதே கேள்வி. ஆண் குரலில், காக்கிச் சட்டையில் கேட்டபோது அதற்கு உடனே பதில் இருந்தது.

"கால் சுத்து ஈசியா வந்துச்சு சார். அதைத் தாண்டினதும் இடிச்சுது. துருப் பிடிச்சிருக்குன்னு நெனச்சு ஸ்பானர் மேல கால வெச்சு ஒரு மிதி மிதிச்சேன். டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் விட்டுக்கொடுத்துடுச்சு."

அதுவரை இந்த விவகாரத்தில் விட்டுக்கொடுத்தது அந்த வால்வு ஒன்றுதான்.

எழுத்தர் அதை எழுதி முடித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். வால்வு எத்தனை வளைந்திருக்கும் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். குறைந்தது இரண்டு என்றேன். கேஸ்கட் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். சொன்னேன். நாளைக் காலை வேலைக்கு என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலையத்து வராந்தாவிலிருந்து ஆலை மேலாளருக்குப் பேசி, நாளை வர இயலாது என்று தெரிவித்தேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டார். காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒப்புக்கொண்டபடி புகார்தாரரிடம் மன்னிப்புக் கேட்டேன். கொட்டகையை அவர் உள்ளே போவதற்கு முன்பே பூட்டியிருக்க வேண்டும், உள்ளே போன பிறகு பூட்டியது என் தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

புகார்தாரர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். அண்ணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். திரும்பப் பெற்றால் இந்தக் காகிதங்கள் என்ன ஆகும் என்று எழுத்தரைக் கேட்டேன். இரு தரப்பும் சம்மதித்தால் கிழித்துவிடலாம், ஒன்றும் இருக்காது என்றார்.

எனக்குச் சம்மதமில்லை. இன்னும் ஒரு வாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், பெண் கையால் மாட்டிய இன்ஜின் ஓடவில்லை என்றுதான் பேச்சு இருக்கும். அவர் ஏறி மிதித்தது உலகத்திலேயே இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. ஆகவே புகார் அப்படியே நிற்க வேண்டும், என் மீது வழக்குப் பதிவு செய்ய வேண்டும், கூப்பிடும் நாளில் எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. நான்கு நாள் யோசித்து மாட்டிய இன்ஜினைவிட இதற்கு யோசனை குறைவாகத்தான் தேவைப்பட்டது என்றேன்.

இதை எழுத்தர் ஒரு முறை வாசித்தார், நான் ஒரு முறை வாசித்தேன், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நான் சொன்னது உண்மை. புகார்தாரர் சொன்னதும், கடைசியில் சொன்ன மட்டில், உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், கிழிக்க வேண்டாம் என்ற வற்புறுத்தலோடு, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)