காதாண்ட நின்ற கை

அவ்ளோதான் டாக்டரம்மா, அதுக்கு மேல கை தூக்க வரல. காதாண்ட வந்தா நின்னுக்குது. வலி நாலு மாசமா இருக்குது, இப்பிடி நின்னுபோனது இன்னிக்குத்தான். மொதல்ல தோளுல இருந்த வீக்கம்லாம் எப்பவோ வடிஞ்சிபோச்சு, அப்புறமும் ஏன் வலிக்குதுன்னுதான் கேக்கறேன்.

இன்னா சொன்னீங்க? ஓ... உள்ள இருக்கிற தசைநாரு நைஞ்சிபோயி சரியா ஆறாம கெடக்குதுன்றீங்க. அதுக்குள்ள, முன்ன இல்லாத எடத்துல, புதுசா ரத்தக்குழாயும் நரம்பும் பூந்து மொளச்சிகினு வலி குடுக்குது. வெடிச்ச வரப்புல கோரை ஏர்ற மாரி. அப்ப வெளிய ஒண்ணுமே தெரியாதா? தொட்டுப் பாத்தாலும்?

இல்லம்மா, கண்ணுல தூசு. சொல்லுங்க.

எங்க வூட்டுக்காரி அமுதத்துக்கும் இதே தோளுதான். பாகூர் பக்கம் இருவது வருசம் நாத்துக்கட்டு தூக்கனவ. வலிக்குதும்பா. நான் தொட்டுப் பாப்பேன். வீக்கம் இல்ல, செவப்பு இல்ல. எங்கடி வலி, வேலைக்கு டிமிக்கி குடுக்கறியான்னு கத்துவேன். நாலு பேரு எதுருலயே கேட்டிருக்கேன்மா.

ஆனா பக்தி ஜாஸ்தி அவளுக்கு. வேண்டுதலுன்னு மயிலம் முருகனுக்குப் போயி மொட்ட போட்டுகினு வந்தா. முடி தோளத் தொடறதுக்குள்ள மறுபடி வேண்டுதலு, மறுபடி மொட்ட. மூணு வாட்டி. இன்னாடி அப்பிடி வேண்டுதலுன்னா, உனுக்கோசரந்தான்யாம்பா. நானும் ஊரெல்லாம் பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன்.

இன்னிக்குக் காலைல தலைக்கு எண்ண வெக்கலாம்னு கையத் தூக்குனேன். காதாண்ட நின்னுபோச்சு. எண்ணக் கிண்ணத்த வெச்சிட்டு அப்பிடியே குந்திட்டேன்.

மொத மொட்டைக்கு முந்துன நாளு, சீப்ப எடுத்தாந்து எங்கிட்ட நீட்டுனாம்மா. கை மேல போவ மாட்டேங்குது, இந்த சடைய மட்டும் பின்னி வுடுய்யான்னா. நான் சிரிச்சேன். ஆம்பள செய்யற வேலையாடி இதுன்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல.

இப்பவா? போன தையில காச்சல் கண்டு போயிட்டாம்மா. தாலியோட போறவளாச்சேன்னு பொம்பளைங்க தலைக்கு வெக்கப் பூவோட வந்தாங்க. சொருவ முடி இல்ல. நூல வெச்சிக் கட்டனாங்க, அதுவும் வழுவி வழுவி வுழுந்துது. நான் பக்கத்துல நின்னுகினு, அது முருகனுக்குக் குடுத்த முடின்னு எல்லாருக்கும் சொல்லிகினு இருந்தேன்.