தறப்பாளுக்குள் ஒளித்தவர்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவர் இளையதம்பி ஐயா அவர்களே, வானத்திலிருந்து எங்கள் வாசலுக்கு இறங்கி வந்திருக்கும் கரையோரக் காவல் விமானத் தளத்து வீரர்களே, கடலோடு கோபித்துக்கொண்டே கடலை நம்பி வாழும் பெரியோர்களே, கட்டியவனை அலையிடம் அனுப்பிவிட்டு அடுப்பு மூட்டும் தாய்மார்களே, வடைத் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசை நண்பர்களே! பொறுங்கள், நான் முடித்தால்தான் வடை. அனைவருக்கும் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் அப்புத்துரையின் அன்பு வணக்கம்.

தளத்துக்கு இன்று ஒரு வயது. இந்த ஓராண்டில் இவர்கள் கடலில் தேடிக் கண்டெடுத்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் இவர்களுக்கு ஆகப் பெரிய கஷ்டம் கொடுத்தவர்கள் யார்? புயலில் சிக்கியவர்களா? இல்லை. படகு கவிழ்ந்தவர்களா? இல்லை. இதோ, மாலையும் கழுத்துமாக மேடையில் வீற்றிருக்கும் யோகநாதனும் மூக்கனும்தான்.

மாசி மாதம் முல்லைத்தீவுக் கடலில் இவர்களுடைய படகின் எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு நாள் அலைந்தார்கள். குடிதண்ணீர் தீர்ந்தது. மூன்றாம் நாள் விமானம் வந்தது, தேடி வந்தது, தாழ வந்தது. இவர்கள் எழுந்தார்களா? கையசைத்தார்களா? நீலத் தறப்பாளை இழுத்து மூடிக்கொண்டு படகுக்குள் குப்புறப் படுத்தார்கள். நீலக் கடலில் நீலத் தறப்பாள்! விமானம் போய்விட்டது.

"அண்ணை, அது வெள்ளை விமானம். எங்களைத்தான் தேடுது" என்றார் மூக்கன்.

"நிறத்தை மாத்தினா குணம் மாறுமோ? தலையைக் குனியடா" என்றார் யோகநாதன்.

இரண்டாம் முறை வந்தது. இரண்டாம் முறையும் குனிந்தார்கள். மூன்றாம் முறை மூக்கனுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிவிட்டது. "தாகத்தில சாகிறதுக்கு இதின்ர குண்டால செத்தாலும் பரவாயில்லை. நான் எழும்பப் போறன்." எழுந்தார். அசைக்கக் கொடி வேண்டுமே? இடுப்பிலிருந்த சிவப்புச் சாரத்தை அவிழ்த்துச் சுழற்றினார்.

விமானத்தின் சன்னலோரம் இருந்த அதிகாரி யதுர்ஷிகா, மீட்புப் படகுக்கு வானொலியில் சொன்னது இது: "ரெண்டு பேரும் உயிரோடை இருக்கினம். ஒராள் தறப்பாளுக்குக் கீழ. மற்றவருக்குத் தண்ணியோடை ஒரு சாரமும் கொண்டு போங்கோ."

முன்வரிசையில் யோகநாதனின் மனைவி விமலேஸ்வரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்ன அக்கா? உரத்துச் சொல்லுங்கோ. "நான் மூண்டு நாள் பச்சைத்தண்ணி குடிக்கேல்ல. இவர் அங்க ஒளிச்சுப் பிடிச்சு விளையாடியிருக்கிறார்." நியாயம் அக்கா, நியாயம்.

மற்றவர்கள் நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை இதே விமானம் பந்தலுக்கு மேலால் மரியாதைக்குப் பறந்ததே, அப்போது கதிரையில் இருந்தவர்கள் எத்தனை பேர்? கதிரைக்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர்? தலைவர் ஐயாவை நான் மேசைக்கு அடியில் கண்டேன். எப்படிக் கண்டேன்? நானும் அங்கேதான் இருந்தேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் விமானச் சத்தம் கேட்டதும் குனியக் கற்றதால்தான் நாம் இன்று உயிரோடு இருக்கிறோம். ஆனால் அதே குனிவு யோகநாதனைக் கொன்றிருக்கும்.

ஆகவே விமானி அவர்களே, ஒரு விண்ணப்பம். திரும்பிப் போகும்போது பந்தலுக்கு மேலால் ஒரு சுற்று வாருங்கள். நாங்கள் குனிந்தால் மறுபடியும் வாருங்கள். தாய்மாரும் பிள்ளைகளும் தலைவர் ஐயாவும் நிமிரும் வரைக்கும் வாருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கத்தை இப்போது நான் சொல்லப் போவதில்லை. விமானம் வரும்போது எழுந்து நின்று, மேலே பார்த்து, எல்லோருமாகச் சொல்வோம்.