மேனேஜரைத் தூக்க இரண்டு பேர்

கனமான நாயை மாடியிலிருந்து இறக்க ஒரு முறை இருக்கிறது, டாக்டர். நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒருவர் நெஞ்சுக்கு அடியில் கைகொடுக்க வேண்டும். இன்னொருவர் வயிற்றுக்குக் கீழே துண்டைப் போட்டுப் பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே வேகத்தில் படியிறங்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. இதைவிட நல்ல யோசனையை எந்தக் குடும்பநல ஆலோசகரும் சொல்லியிருக்க மாட்டார்.

எக்ஸ்ரேயைக் காட்டி, "இது எப்படிப்பா ஆச்சு? உண்மையச் சொல்லு" என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அம்மாவும் அப்பாவும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், கதவு சாத்தியிருக்கிறது. உங்களிடம் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

மேனேஜர் என்பது நாங்கள் வைத்த பெயரல்ல, அதுவாகச் சம்பாதித்தது. சாப்பிட்டு முடித்ததும் அறை அறையாகப் போய், யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திருப்தியில்லாத முகத்தோடு திரும்பும். அப்பா தனியாக வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு அவருடைய அறை வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போடவாவது பேச வேண்டுமே. அவர்களுக்காக வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

முதல் தடவை கால் போனதற்கு நான் காரணமல்ல. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவில் ஒரு பூனையைத் துரத்திப்போய்ச் சட்டென்று திரும்பியதில் பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்தது. நீங்கள் தகடு வைத்துத் திருகாணி போட்டீர்கள். ஆகும் செலவைக் கேட்டதும் அம்மா ஒரு கணம் நாயையும் ஒரு கணம் என்னையும் பார்த்தாள். எங்களில் யாரைப் படிக்க வைப்பது என்று யோசித்திருப்பாள். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது. அப்பா கேமராவை விற்றார். அம்மா தன் பல் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

அப்புறம் உங்கள் கண்ணாடித் தொட்டியில், தண்ணீருக்குள் நடைப்பயிற்சி. கார் அப்பாவிடம், நாய் எங்களிடம். அம்மாவோடு சேர்ந்து தூக்க வேண்டியவன் நான்தான். ஆனால் எனக்கு அப்போது பார்த்து முதுகு பிடித்துக்கொண்டது.

ஆரம்பத்தில் பேச்செல்லாம் நாய் வழியாகத்தான் நடந்தது.

"மேனேஜரே, முன்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்னு சொல்லு" என்பார் அப்பா.

"மேனேஜரே, போன தடவை முன்பக்கம் பிடிச்சவங்க உன் தலைய செவுத்துல இடிச்சாங்கன்னு சொல்லு" என்பாள் அம்மா.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். அவ்வளவு மரியாதை அதற்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

ஒருநாள் படி திரும்பும் இடத்தில் அப்பாவின் செருப்பு வழுக்கியது. அம்மா சட்டென்று, "ஏங்க, பாத்து" என்றாள்.

"பாத்துட்டேம்மா" என்றார் அப்பா.

அவ்வளவுதான். சொன்னவளுக்கும் தெரியவில்லை, பதில் சொன்னவருக்கும் தெரியவில்லை. மேலே முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் தெரிந்தது. அந்த 'ஏங்க' எங்கள் வீட்டைவிட்டுப் போய் எவ்வளவு காலம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு பயிற்சி முடிந்து வந்தால் அப்பா மேலே வந்து டீ குடித்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். அம்மா அவருக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு, அளவு தவறிவிட்டது என்றாள்.

பிறகு நீங்கள்தான் கெடுத்தீர்கள், டாக்டர். "சூப்பரா தேறிட்டான். இனிமே தானா படியிறங்குவான். நீங்க ரெண்டு பேரும் சிரமப்பட வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அப்பா எங்களை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விட்டார். மேனேஜர் தானாகப் படியேறியது. ரொம்பப் பெருமையாக ஏறியது.

மறுநாள், மேனேஜர் வழுக்காமலிருக்கத் தரையில் விரித்திருந்த ரப்பர் விரிப்புகளை நான் துவைத்துக் காயப்போட்டேன். சுத்தம் நல்லதுதானே. அது டைல்ஸில் வழுக்கிக் கொஞ்சம் நொண்டியது. அப்பா அன்றே வந்துவிட்டார். அது தேறியதும் படிக்கட்டில் பந்து போட்டு விளையாடினோம். வலி மாத்திரை கொடுத்தால் நொண்டாது. நொண்டவில்லை என்றால் வலி இருப்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் நிறுத்தினேன். மாத்திரைகளை வீணாக்கவில்லை, என் பையில் பத்திரமாக இருக்கின்றன.

செலவும் தன் பங்குக்கு உதவியது. இரண்டு வீட்டு வாடகையும் உங்கள் ஆஸ்பத்திரியும் சேர்ந்து கட்டுப்படியாகாது என்று அப்பாவே ஒருநாள் சொன்னார். "நான் வேணா ஹால்ல படுத்துக்கறேன்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஹால்ல கொசு" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

பெட்டியோடு வருவதாகத்தான் பேச்சு. ஆனால் மேனேஜர் மறுபடி தேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தபோது வாசல்வரை ஓடிப்போய் வாலாட்டியது. அப்பா அதன் தலையைத் தடவிக்கொண்டே, "நல்லாத்தானே இருக்கான். அப்பறம் பார்க்கலாம்" என்றார். நாய்க்கு நேரம் காலம் தெரியாது.

என் முதுகுக்கு ஒன்றுமில்லை, டாக்டர். எப்போதுமே இல்லை. என் அறையில் அடுக்குக் கட்டில் இருக்கிறது, மேல்தட்டு என் தோள் உயரம். நேற்று மத்தியானம் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது மேனேஜரை நான் ஒருவனாகவே தூக்கி அங்கே வைத்தேன். விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கீழே நின்று கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தது, பின்வாங்கியது, முனகியது. வெளியே போவோம் என்று சொல்லும் குரலில் மறுபடி கூப்பிட்டேன். கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். அது குதித்தபோது கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

தகடு வளைந்தது அப்படித்தான். இன்னொரு கால் முறிந்ததும் அப்படித்தான்.

அப்பாவின் பெட்டி காரில் இருக்கிறது, இன்று கொண்டுவந்துவிட்டார். கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா அவர் தோளில் சாய்ந்து அழுகிறாள். நீங்கள் அவர்களிடம் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று சொல்லப்போவதாக உங்கள் முகம் சொல்கிறது. வேண்டாம். ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லுங்கள். எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள். ஊசி போட்டுவிட்டால் அப்புறம் அவர்கள் சேர்ந்து எதைத் தூக்குவார்கள்?

கொடுமை என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் மேனேஜரை அடித்ததில்லை, தள்ளியதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தது. அதற்கு இதில் சம்மதம் இல்லை என்றால் குதித்திருக்குமா, டாக்டர்?