மாத்திரையால் குறைந்த பக்தி

திங்கட்கிழமை காலை, தாம்பரம் மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு டீச்சர்கள். சின்னவர் ஆரம்பித்தார்.

“மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு பக்தி குறைஞ்சுபோச்சாம், அக்கா.”

“யார் சொன்னா?”

“எங்க சர்ச் போதகர் ஐயாதான். எனக்குத் தசை களைச்சுப்போற வியாதியாச்சே, மாத்திரை போடலேன்னா இமை தானா விழுந்துடும். பிரசங்கத்துல நான் உருகி ஜெபம் பண்றேன்னு நினைச்சு, மாதர் சங்கத் தலைவியாவே ஆக்கிட்டார்! இப்ப மாத்திரை போட்டுட்டு முழிச்சு உட்கார்ந்தா, விசுவாசத்துலேர்ந்து பின்வாங்கிட்டேன்னு வருத்தப்படறார்.”

“ஸ்கூல்ல?”

“அங்க இதே இமை விழுந்தா, தூங்கறேன்னு ஹெச்.எம். மெமோ கொடுக்கறார்.”

“என்னதான் பண்ணப்போறே?”

“ஒரு மாத்திரை சில மணி நேரம்தான் தாங்கும், லேசுல கிடைக்கறதும் இல்லையே, அக்கா. அதனால மாத்திரை ஸ்கூலுக்கு, வியாதி சர்ச்சுக்கு.”