சும்மா இருக்கிறாள் என்றது வாட்ச்

வடக்கனந்தல் பஸ் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்பியதுமே, எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் கோபமாகச் சொன்னாள்: "நேத்து பூரா நான் சும்மா உக்காந்துகினு இருந்தேனாம்."

"யாருக்கா சொன்னது?" என்றாள் பக்கத்திலிருந்த இளையவள்.

"இந்த வாட்சுதான்." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "கை அசையறத வெச்சே நாம இன்னா வேலை செய்யறோம்னு கண்டுபுடிக்குமாம். ஆராய்ச்சிக்குன்னு ஒரு காலேஜ் பொண்ணு கட்டிவுட்டுச்சு."

"நேத்து இன்னாக்கா செஞ்சே?"

"மில்லுல மரவள்ளிக் கிழங்கு தோல் சீவினேன், மூட்டை மூட்டையா. எங்க வூட்டுக்காரரும் தெனம் இதையேதான் சொல்றாரு, நான் சும்மா உக்காந்துகினு இருக்கேன்னு. அவரைக் கேட்டுட்டுத்தான் இந்த வாட்ச செஞ்சானுங்க போல."

"கத்தி எந்தக் கையில புடிப்பே?"

"சோத்தாங்கையில."

"அப்ப வாட்சையும் அந்தக் கையில மாட்டு. கிழங்கைப் புடிச்சிக்கினு இருக்கிற கை எங்கக்கா அசையும்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கேயே கழற்றி வலது கையில் மாட்டினாள். "நேத்தும் வேலைதான் செஞ்சேன்னு அந்தப் பொண்ணாண்ட மாத்தச் சொல்லணும்."

"அப்படியே உங்க வூட்டுக்காரருக்கும் ஒரு நாள் கட்டிவுடேன்."

"வாணாம்டி. வாட்சு கெட்டுப்போச்சுன்னு அந்தப் பொண்ணு பயந்துக்கும்."