தலைப்பிரசவத்துக்கு வந்த மீன்

ஆவுடை: இதோட மூணாவது மீனு.

குருநாதன்: குலுக்காம வாங்குட்டி... ரெண்டு கையாலயும் பிடி. வாசுதேவநல்லூர்ல பஸ் ஏறுனதுல இருந்து மடியில வச்சே கொண்டாரேன்.

ஆவுடை: நெறமாசக்காரி வாசல்ல நிக்கேன். நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை இல்ல. ஹார்லிக்ஸ் பாட்டில ரெண்டு கையால பிடிக்கணுமாம்.

குருநாதன்: நல்லாருக்கியா?

ஆவுடை: கேட்டாச்சுல்லா... சந்தோசம்.

குருநாதன்: பஸ்ஸுல நிக்க இடமில்ல, பாத்துக்கோ. திங்கக்கிழமை, கோயிலுக்கு வார கூட்டம். கண்டக்டர் பாட்டில்ல என்னதுன்னு கேட்டான். புள்ளத்தாச்சின்னேன். ஒரு பெரியவரு எந்திரிச்சு இடம் விட்டாரு.

ஆவுடை: எட்டாம் மாசத்துல அதே பஸ்ஸுல நான் நின்னுக்கிட்டு வந்தேன். எனக்கு எவரும் எந்திரிக்கல.

கோமதியம்மாள்: ஏட்டி ஆவுடை... யாரு வாசல்ல?

ஆவுடை: ஒம் மாப்பிள்ளதாம்மா.

கோமதியம்மாள்: வந்தவுகள உக்காரச் சொல்லு. மோரு வேணுமா, காப்பி வேணுமான்னு கேளு.

குருநாதன்: காப்பி போதும்னு அத்தைட்ட சொல்லு.

ஆவுடை: அவ கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கா. நீங்க சொன்னது கேட்டாச்சு. கல்யாணமாகி ஒண்ணேகால் வருசம்... இன்னும் மாமியாளும் மருமகனும் நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசல. நடுவுல நான் என்ன, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?

கோமதியம்மாள்: மாப்பிள்ளைட்ட மாமியா மூஞ்சி பாத்துப் பேசுத வழக்கம் நம்ம வீட்டுல கெடையாது. எங்கம்மை சாகுறமுட்டும் ஒங்கப்பாட்ட பேசல. சீனி எத்தனைன்னு கேளு.

ஆவுடை: எத்தனை?

குருநாதன்: ரெண்டு.

ஆவுடை: ரெண்டாம்.

கோமதியம்மாள்: கவுச்சி படாத வீட்டுக்குள்ள வாராவாரம் ஒரு மீனு எதுக்கு வருதுன்னும் கேளு.

குருநாதன்: தின்னவா கொண்டாரேன்? வளக்கதுக்குத்தான. கடையநல்லூர் மைதீன் துபாய்ல இருந்து வந்தான்லா, அவன் ஆசையாக் கண்ணாடித்தொட்டியோட குடுத்தது. மோலின்னு பேரு. மத்த மீனு மாதிரி முட்டை போடாது. குட்டியாப் பெத்துப் போடும்.

ஆவுடை: இதப் போன தடவையும் சொன்னீக. அதுக்கு முந்துன தடவையும் சொன்னீக.

குருநாதன்: தலைப்பிரசவம்... தாய்வீட்டுல வச்சுத்தான பாக்கணும்.

ஆவுடை: அப்ப கடையநல்லூருக்குல்லா கொண்டு போகணும்? மைதீன் அண்ணாச்சி வீடுதான இதுக்குத் தாய்வீடு?

குருநாதன்: பொரி போட்டு வளத்தவ யாரு? நீதான. வளத்தவ வீடும் தாய்வீடுதான்.

ஆவுடை: மொதல் மீனுக்குத் தலைப்பிரசவம்னீக, சரின்னேன். ரெண்டாவதுக்கும் தலைப்பிரசவம். இப்ப இதுக்கும்...

குருநாதன்: ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைப்பிரசவம் உண்டும்லா.

கோமதியம்மாள்: முந்தி வந்தது ரெண்டும் பெத்ததப் பூராத் தின்னுட்டுன்னு சொல்லு. தாய் ரெண்டும் அண்டாவுல சும்மா சுத்திக்கிட்டு கெடக்கு.

குருநாதன்: பூராவுமா? அதுக்குத்தான வேலம்பாசி போடச் சொன்னேன். குட்டி பொறந்த ஒடனே பாசிக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிடும். இல்லன்னா தாய்க்கு அது பிள்ளையின்னு தெரியாது... வாய்க்கு முன்னால நெளிஞ்சா கவ்விரும்.

ஆவுடை: நல்ல தாயி.

கோமதியம்மாள்: பாசி போட்டாச்சு. தின்னுட்டு. ஒண்ணுகூட மிஞ்சலன்னு சொல்லு.

குருநாதன்: மிஞ்சியிருந்தா லேசா வளத்திருக்கலாம். முட்டைய அவிச்சு, மஞ்சக்கருவத் துணியில கட்டித் தண்ணியில அலசணும். தூசி மாதிரி எறங்கும். குட்டி அதத்தான்...

கோமதியம்மாள்: சிவசிவா. முட்டையா? எங்க அடுப்புலயா? ஏட்டி, அந்தப் பேச்ச இந்த வீட்டுக்குள்ள பேசவேண்டாம்னு சொல்லு.

ஆவுடை: கேட்டுக்கிட்டீகளா?

குருநாதன்: கேட்டுச்சு. நான் கொல்லையில போயி அந்த ரெண்டையும் ஒரு பார்வை பாத்துட்டு...

கோமதியம்மாள்: கொல்லைக்குப் போகவேண்டாம்னு சொல்லு. கல்தொட்டிப் பக்கம் தேளு கெடக்கு. மொறத்தப் போட்டு மூடி வச்சிருக்கேன்.

ஆவுடை: தேளையா மூடி வச்சிருக்க?

கோமதியம்மாள்: தொட்டியட்டி.

ஆவுடை: ரெண்டு வாரமா அந்தப் பக்கம் என்னமோ ஒரு வாடை அடிக்கி. பாத்திரம் தேய்க்க வார பேச்சியும் மடியில என்னத்தையோ முடிஞ்சு கொண்டாந்து ஒங்கிட்ட குடுக்கா.

கோமதியம்மாள்: வெத்தல.

ஆவுடை: நீ எப்பம்மா வெத்தல போட ஆரம்பிச்ச?

கோமதியம்மாள்: வாய நோண்டாம அவுக எத்தனை மணி பஸ்ஸுக்குத் திரும்புதாகன்னு கேளு.

குருநாதன்: அது... இந்தத் தடவை நானே பக்கத்துல இருந்து பாத்துரலாம்னு... ஒரு மூணு நாளு.

ஆவுடை: மூணு நாளா?

குருநாதன்: பெத்த ஒடனே தாயவும் பிள்ளையவும் பிரிச்சு வைக்கணும்லா. ஆள் வேணும். சொசைட்டியில லீவு சொல்லிட்டேன்.

கோமதியம்மாள்: வளைகாப்புப் போட்டுப் பொண்ணக் கூட்டியாந்த பெறவு மாப்பிள்ள வந்து ராத்தங்குறது வழக்கம் இல்ல. டாக்டரம்மா இந்த வாரத்துக்குள்ளன்னு சொல்லியிருக்கு. புள்ள பொறந்ததும் தந்தி அடிப்போம். அப்ப வரச்சொல்லு.

ஆவுடை: பைய இங்க தாங்க... என்ன இம்புட்டு கனம்? நாலு சட்டை, போர்வை, பல்பொடி... இது என்னது?

குருநாதன்: ஷேவிங் செட்டு.

ஆவுடை: மீனுக்கா?

குருநாதன்: சத்தமாப் பேசாத.

கோமதியம்மாள்: பாலு பொங்குது, நான் அடுக்களைக்குப் போறேன். பேசிக்கிட்டிருங்க.

ஆவுடை: போயிட்டா. இப்பச் சொல்லுங்க. என்ன விசயம்?

குருநாதன்: ஒண்ணுமில்ல.

ஆவுடை: மூஞ்சியப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரியா இருக்கு?

குருநாதன்: பயமா இருக்குட்டி.

ஆவுடை: எதுக்கு?

குருநாதன்: தந்தி சொசைட்டிக்கு வரும். உள்ள என்ன எழுதியிருக்கோன்னு அதப் பிரிக்கதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும். நீ இங்கன கெடந்து கத்துவ... நான் அங்கன உரமூட்டைக்கு ரசீது எழுதிக்கிட்டு இருப்பேன். ஒனக்கு ஒண்ணுன்னா...

ஆவுடை: எனக்கு ஒண்ணும் ஆகாது.

குருநாதன்: அது ஒனக்கெப்படித் தெரியும்?

ஆவுடை: தெரியாது. எனக்கும் பயம்தான். யார்ட்ட சொல்ல? அம்மாட்ட வாயெடுத்தா, ஊருல ஒருத்தியும் பெக்கலியாங்கா.

குருநாதன்: அழாத... ஏ ஆவுடை. உள்ள கேக்கும்.

ஆவுடை: ஆரு அழுதா? நீங்க மீனைப் பத்தித்தான சொல்லுதீக?

குருநாதன்: மீனைப் பத்தித்தான்.

ஆவுடை: நானும் மீனைப் பத்தித்தான் சொல்லுதேன்.

கோமதியம்மாள்: காப்பிய வாங்கிக் குடுட்டி. சூடா இருக்கு, பாத்து.

ஆவுடை: என்னம்மா, பால் பொங்குதுன்னு போன... கதவுக்குப் பின்னாலயே நின்னியா?

கோமதியம்மாள்: அந்தப் பாட்டில இப்படிக் கொண்டா. வெளிச்சத்துல ஒரு பார்வை பாக்கணும்.

குருநாதன்: வயிறு பொம்முன்னு இருக்கும் பாருங்கன்னு சொல்லு. இன்னைக்கோ நாளைக்கோ...

ஆவுடை: வயித்தப் பாக்கணுமாம்.

கோமதியம்மாள்: வயித்தப் பாக்கல. அதுக்குக் கீழ பாக்கேன்.

ஆவுடை: கீழ என்ன இருக்கு?

கோமதியம்மாள்: ... மாப்பிள்ள.

ஆவுடை: அம்மா... யார்ட்ட பேசுத?

கோமதியம்மாள்: நீ கொஞ்சம் சும்மா இருட்டி. மாப்பிள்ள, ஒங்களத்தான். இது ஆம்பள மீனுல்லா?

ஆவுடை: ஏங்க, ஆம்பள மீனா?

குருநாதன்: வீட்டுல இருந்த பொம்பள மீனு ரெண்டுதான் அத்தை. ரெண்டும் இங்கன வந்துட்டு. திரும்ப வாரதுக்கு வேற சாக்கு கெடைக்கல... ரெண்டு நாளா இதுக்குப் பொரியப் போட்டுப் போட்டு வயித்த வரவச்சேன்.

ஆவுடை: அந்தப் பெரியவரு இதுக்கா எந்திரிச்சு இடம் விட்டாரு?

குருநாதன்: ஆனா, அத்தை... கவுச்சியே படாத வீடு. மீனுல ஆம்பள பொம்பள ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

கோமதியம்மாள்: அண்டாவுல கெடக்க தாய் ரெண்டுக்கும் வயித்துக்குக் கீழ உள்ள செட்டை விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு, இதுக்குக் குச்சி மாதிரி ஒடுங்கியிருக்கு. கல்தொட்டிக்குள்ள நாப்பத்திமூணு குட்டி கெடக்கு மாப்பிள்ள, தேளும் இல்ல ஒண்ணும் இல்ல. தாய் ரெண்டும் திங்க வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா நாந்தான் டம்ளர்ல கோரி எடுத்தேன். பேச்சி அவ வீட்டுல முட்டைய அவிச்சு மடியில முடிஞ்சு கொண்டாருவா, இந்தக் கையாலதான் துணியில கட்டி அலசுதேன்... அத மட்டும் ஒங்க மாமாட்ட சொல்லிராதீக. பைய உள்ள கொண்டு வையுங்க. மூணு நாளு இல்ல, புள்ள பொறக்குறமுட்டும் இங்கனயே இருங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.